கம்யூனிட்டி காலேஜ்: ‘சமூகக் கல்லூரி’ அல்ல, வட்டாரக் கல்லூரி

அமெரிக்காவில் அந்தந்தப் பகுதி மக்களுக்குப் பெரும்பாலும் இரண்டாண்டுப் படிப்பு தரும் கம்யூனிட்டி காலேஜ்களைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் ‘சமூகக் கல்லூரி’ என்கிறார்கள், அல்லது ‘சமுதாயக் கல்லூரி’ என்கிறார்கள். அண்மையில் படித்த உயர்கல்வி வழிகாட்டி ஒன்றிலும் அதே சொல். இரண்டுமே பொருந்தாதவை.

‘பொது’ என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது ‘கம்யூனிட்டி’. 1901இல் இல்லினாய் மாநிலத்து ஜோலியட் நகரில் தொடங்கிய முன்னோடிக் கல்லூரிக்கு இன்றுவரை ‘ஜூனியர் காலேஜ்’ என்றுதான் பெயர். 1946இல் அதிபர் ட்ரூமன் அமைத்த உயர்கல்விக் குழுதான் ‘கம்யூனிட்டி காலேஜ்’ என்ற பெயரைப் பரப்பியது. கல்லூரியைச் சுற்றி வாழ்கிற மக்களையும் அந்த நிலப்பரப்பையும் அது குறித்தது.

தமிழில் ‘சமுதாயம்’ எங்கே போய் நிற்கிறது? ‘எங்கள் சமுதாயத்துப் பிள்ளைகள்’ என்று மேடையில் ஒருவர் சொன்னால் கேட்பவர் சாதியைத்தான் நினைப்பார். ‘சமூகக் கல்லூரி’ என்றாலும் ஒரு சாதியார் நடத்தும் கல்லூரி, அல்லது சமூகப் பணி கற்பிக்கும் கல்லூரி என்றே தோன்றும். ‘சமுதாயக்கூடம்’ வழக்கில் இருக்கிறதே என்பார்கள். கூடத்துக்கு அது எல்லாருக்கும் பொது என்று தெரிந்தால் போதும். இந்தக் கல்லூரிக்கோ எல்லைதான் உயிர். பல மாநிலங்களில் அந்தந்தப் பகுதியின் சொத்து வரியிலிருந்து இதற்குப் பணம் வருகிறது. சில மாநிலங்களில் கல்லூரியை நிர்வகிக்கும் அறங்காவலர்களையும் அந்தப் பகுதி வாக்காளர்களே தேர்ந்தெடுக்கிறார்கள்.

பல வளாகங்கள் கொண்ட கல்லூரிகளில் இந்தப் பகுதிப் பிணைப்பு இன்னும் தெளிவு. வட வர்ஜீனியா கம்யூனிட்டி காலேஜுக்கு ஆறு வளாகங்கள். செவிலியர் படிப்பு போன்றவற்றுக்கு ஸ்பிரிங்ஃபீல்டில் தனி மருத்துவ வளாகம். தரவு மையங்கள் மண்டிய லௌடன் பகுதியில் அவற்றை இயக்குகிற படிப்பு. ஃப்ளோரிடா மாநிலத்து மயாமி டேட் கல்லூரியின் மருத்துவ வளாகம் மருத்துவமனைகள் நெருங்கிய பகுதியிலேயே இருக்கிறது. செலவு பிடிக்கும் ஆய்வுக்கூடத்தை எல்லா வளாகத்திலும் வைக்க முடியாது. படிப்பு நடப்பதும் சுற்றியுள்ளவர்களின் கையில்தான் இருக்கிறது. எத்தனை மாணவருக்குப் பயிற்சி இடம் தருவோம் என்று பக்கத்து மருத்துவமனை சொல்ல வேண்டும். இங்கே படித்த பாடங்களை ஏற்போம் என்று பல்கலைக்கழகம் கையெழுத்திட வேண்டும். உயர்நிலைப் பள்ளி தன் மாணவர்களை முன்கூட்டியே கல்லூரிப் பாடத்துக்கு அனுப்ப வேண்டும். தொழிற்கல்விக்கான கூட்டரசின் பெர்கின்ஸ் சட்டமும், 2018இல் திருத்தியபின், பகுதித் தேவையை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது மதிப்பிடச் சொல்கிறது. இத்தனையும் ‘வட்டாரம்’ என்ற ஒரு சொல்லில் அடங்கும். ‘வட்டார வழக்கு’ என்றால் எவருக்கும் விளங்குகிறது; ‘வட்டாரக் கல்லூரி’யும் விளங்கும்.

அரசு அலுவலகங்களில் ‘வட்டாரம்’ ஒரு நிர்வாகப் பிரிவாயிற்றே என்ற மறுப்பு வரும். ஒரு நிலப்பரப்பை நினைவூட்டுகிற குழப்பம் சாதியை நினைவூட்டுகிற குழப்பத்தைவிட எவ்வளவோ மேல். இந்தியாவில் ‘சமுதாயக் கல்லூரி’ என்ற பெயரிலேயே இயங்கும் நிறுவனங்களின் பெயரை மாற்ற வேண்டியதில்லை. அது அவற்றின் சிறப்புப் பெயர்.

அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டிவிட்டு நகர்கிற மொழிபெயர்ப்புதான் எனக்குப் பொறுக்கவில்லை. இந்தக் கல்லூரிகளின் ‘பார்ட்னர்ஷிப்’ இப்போது ‘பிராந்தியக் கூட்டாண்மை’ ஆகிவிட்டது. கூட்டாண்மை என்பது பங்காளிகள் முதல் போட்டு இலாபம் பிரிக்கும் தொழில். மருத்துவமனையோடும் பள்ளியோடும் கல்லூரி செய்துகொள்வதை ‘உடன்பாடு’ என்று எழுதலாம்.