கடற்கரைச் சேற்றில் அழுகிய முட்டை நாற்றம் ஏன்?

"பக்கத்தில் ஆலையும் இல்லை, சாக்கடையும் இல்லை. ஆனாலும் பருவமழை மாதங்களில் எங்கள் கரையில் அழுகிய முட்டை நாற்றம் தாங்க முடியவில்லை. கடலில் எதைக் கலக்கிறார்கள்?" பாக் விரிகுடாக் கரையில் வசிக்கும் வாசகர் ஒருவரின் கேள்வி இது.

அவர் சொல்வதைப் பார்த்தால், யாரும் எதையும் கலந்திருக்க வேண்டியதில்லை. கடலே இந்த நாற்றத்தை உண்டாக்கும்.

கரையில் வேறு வாடைகளும் உண்டு. மீன் கவிச்சிக்குக் காரணம் டிரைமெத்திலமைன்; செத்த மீனின் உடலில் பாக்டீரியாக்கள் உண்டாக்குவது. தொலைவிலேயே "கடல் வந்துவிட்டது" என்று சொல்லும் மணத்தில் பெரும்பங்கு டைமெத்தில் சல்ஃபைடு. கடலில் மிதக்கும் நுண்பாசிகளின் கொடை. வாசகர் கேட்பது மூன்றாவது வாடை: ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற வாயு.

பாக் விரிகுடாவின் ஆழம் குறைந்த அடித்தளத்தில் கடற்புல் பரந்து வளர்கிறது. வடகிழக்குக் காற்றும் அலையும் அதன் இலைகளைப் பிய்த்துக் கரையில் ஒதுக்குகின்றன. குவியல் ஈரத்தோடு அழுகும்போது அதற்குள் இருக்கும் ஆக்சிஜன் வேகமாகத் தீர்ந்துவிடுகிறது. சேற்றிலும் அப்படித்தான்: பல இடங்களில் மேலே சில மில்லிமீட்டருக்குத்தான் ஆக்சிஜன் இறங்கும். அதற்குக் கீழே உயிர்கள் எதைச் சுவாசிப்பது?

சல்ஃபேட்டை, அதாவது கந்தகமும் ஆக்சிஜனும் சேர்ந்து கடல்நீரில் கரைந்திருக்கும் உப்புக்கூறை. ஒரு லிட்டர் கடல்நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் ஏழெட்டு மில்லிகிராம்தான். சல்ஃபேட்டோ ஏறக்குறைய 2.7 கிராம். இதைச் சுவாசிக்கும் நுண்ணுயிரை 1895-ல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் நுண்ணுயிரியலாளர் மார்ட்டினஸ் பெய்ஜரிங்க் பிரித்தெடுத்துக் காட்டினார். எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காத இடம் இது. பள்ளியில் பார்த்த தனிம வரிசை அட்டவணையை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ஆக்சிஜனுக்கு நேர் கீழே அதே தொகுதியில் உட்கார்ந்திருப்பது கந்தகம். நாம் உணவிலிருந்து எலக்ட்ரான்களை உருவி ஆக்சிஜனிடம் ஒப்படைக்கிறோம், ஆக்சிஜன் நீராகிறது. சேற்று பாக்டீரியாக்கள் அதே எலக்ட்ரான்களைச் சல்ஃபேட்டில் உள்ள கந்தகத்திடம் ஒப்படைக்கின்றன. அது ஹைட்ரஜன் சல்ஃபைடு ஆகிறது. நம் சுவாசத்தில் ஓர் ஆக்சிஜன், இரண்டு ஹைட்ரஜன். அவற்றின் சுவாசத்தில் ஒரு கந்தகம், இரண்டு ஹைட்ரஜன். வேதியியல் ஒன்றுதான், அட்டவணையில் ஒரு படி கீழே நடக்கிறது.

இதில் கிடைக்கும் ஆற்றல் மிகக் குறைவு. ஆனாலும் கரையோரக் கடலடிச் சேற்றில் சிதையும் கரிமப்பொருளில் பாதி வரை இந்த வழியில்தான் சிதைகிறது. நெல்வயல் சேறு இந்த அளவுக்கு நாறாததற்கும் காரணம் சல்ஃபேட்தான். நன்னீரில் சல்ஃபேட் சொற்பம். அங்கே பெரும்பாலும் வாசனையே இல்லாத மீத்தேன் கிளம்புகிறது.

உண்டாகும் வாயு முழுவதும் மூக்குக்கு வந்து சேர்வதில்லை. ஒரு பங்கு சேற்றிலுள்ள இரும்போடு சேர்ந்து இரும்பு சல்ஃபைடாகிறது. உப்பங்கழிச் சேறு கறுப்பாக இருப்பது அதனால்தான். இன்னொரு பங்கு வேறு உயிர்களுக்கு உணவு. கடற்புல்லுக்கு சல்ஃபைடு நஞ்சு. வேர் வழியாக ஆக்சிஜனைக் கசியவிட்டுத் தன்னைக் காத்துக்கொள்கிறது. அந்த ஆக்சிஜனை நம்பி, புல்லின் காலடியில் லூசினிடே குடும்பத்து மட்டிகள் புதைந்து வாழ்கின்றன. அவற்றின் செவுள்களில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் சல்ஃபைடை எரித்து, அந்த ஆற்றலில் உணவு தயாரித்து மட்டிக்கு ஊட்டுகின்றன. நஞ்சு குறைவதால் புல்லும் செழிக்கிறது. சூரிய ஒளி எட்டாத சேற்றுக்குள் இப்படி ஒரு விவசாயம் நடக்கிறது!

2004-க்குப் பிறகு கடலின் நிறமோ வாடையோ சற்று மாறினாலே "சுனாமி வரப்போகிறது" என்று நம் கரைகளில் பேச்சு கிளம்பிவிடுகிறது. சுனாமிக்கும் இந்த நாற்றத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பயந்துபோய் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடும் மக்கள்மேல் எனக்குக் கோபமில்லை. ஒரே கரையின் சேற்றை இருபது ஆண்டு விடாமல் அளக்கும் சலிப்பான வேலைக்கு நிதி ஒதுக்கத் தயங்குகிறவர்கள் மேல்தான் கோபம். அப்படிப்பட்ட அளவீடு இருந்தால், இந்த ஆண்டு நாற்றம் வழக்கமானதா, கழிவுநீரால் கூடியதா என்று அந்த வாசகருக்கு எண்களோடு பதில் சொல்லலாம். கழிவும் உரமும் சேர்ந்தால் பாசி பெருகும், அழுகல் பெருகும், வாயுவும் பெருகும்.

அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை பிரான்சின் பிரிட்டனி கரை காட்டியது. பண்ணைகளிலிருந்து வழிந்த நைட்ரேட்டில் கொழுத்த பச்சைப் பாசி அங்கே கரையில் குவிந்து அழுகியது. மேற்பரப்பு காய்ந்து ஓடுபோல இறுக, வாயு அடியில் தேங்கியது. 2009-ல் அதன்மேல் கால்வைத்த ஒரு குதிரை செத்தது, ஏறிவந்தவர் நினைவிழந்தார். 2011-ல் கழிமுகம் ஒன்றில் 36 காட்டுப்பன்றிகள் செத்துக்கிடந்தன.

மூக்கை மட்டும் நம்பவும் முடியாது. காற்றில் நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே இந்த வாயுவை முகர்ந்துவிடுகிறோம். பத்து லட்சத்தில் நூறு பங்கை எட்டினால் முகரும் நரம்பு செயலிழந்து, வாடை நின்றுவிட்டதுபோல் தோன்றும். ஆகவே முழங்கால் உயரத்துக்கு ஈரமாகக் குவிந்து மேலே காய்ந்திருக்கும் பாசிமேட்டில் ஏறாதீர்கள், குழந்தைகளையும் விடாதீர்கள். திறந்த கரையில் மெல்லிதாகப் பரவிக்கிடக்கும் கடற்புல்லில் வாயு அப்படித் தேங்க இடமில்லை. நான்கு நாள் நல்ல வெயில் அடித்துச் சருகாகிவிட்டால் நாற்றமும் அடங்கிவிடும்.