‘மாட்’: பழைய சிந்தசைசரின் மின்சுற்றுக்குள் ஒரு சொல்

மின்சுற்றால் ஒலியை உருவாக்கும் இசைக்கருவியான பழைய அனலாக் சிந்தசைசரை வைத்திருப்பவர்களின் பேச்சில் ‘மாட்’ என்ற சொல் அடிக்கடி வரும். அதற்குத் தமிழில் எந்தச் சொல் பொருந்தும் என்பதே இங்கே கேள்வி. ஒரு கருவிக்கு மாட் செய்திருக்கிறது என்றால், அதைத் திறந்து மின்சுற்றில் சில உறுப்புகளை மாற்றியோ புதிய குமிழ் ஒன்றைச் சேர்த்தோ ஒலியின் தன்மையை மாற்றியிருக்கிறார்கள் என்று பொருள். பழுதுபார்ப்பது வேறு. உலர்ந்துபோன மின்தேக்கியை எடுத்துவிட்டு அதே அளவில் புதியதை வைத்தால் அது பழுதுபார்த்தல். வேண்டுமென்றே வேறு அளவில் வைத்தால் அது மாட்.

அளவுதான் இந்தச் சொல்லின் வேரும்கூட. ‘மாட்’ என்பது ‘மாடிஃபிகேஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லின் சுருக்கம். அதன் மூலம் லத்தீனில் ‘மோடுஸ்’, அதாவது அளவு அல்லது வரம்பு. அதோடு ‘செய்’ என்று பொருள்படும் ‘ஃபாகெரே’ சேர்ந்து ‘மோடிஃபிகாரே’ பிறந்தது. இது ஆங்கிலத்துக்குள் வந்த காலத்தில் ‘மாற்று’ என்ற பொருளைவிட ‘அளவுக்குள் அடக்கு’ என்ற பொருளே முன்னே நின்றது. தமிழில் ‘மட்டுப்படுத்து’ என்கிறோமே, கிட்டத்தட்ட அதுதான். மட்டு என்றாலும் அளவு, எல்லை. மாட், மட்டு என்ற ஒலி ஒற்றுமை தற்செயலானது. இரண்டும் ஒரே வேர் என்று யாரும் எழுதிவிட வேண்டாம்.

சிந்தசைசரைத் தொட்டால் இந்த ‘மோடுஸ்’ குடும்பம் முழுவதும் கூடிவிடுகிறது. ‘மாட்யூல்’ என்றால் சிற்றளவு. ‘மாடுலேஷன்’ முதலில் அளவோடு இசைத்தலைக் குறித்தது. நம் இயற்பியல் பாடநூல்கள் அதைப் பண்பேற்றம் என்கின்றன. மேலை இசையில் சுர அமைப்பு முறையைக் குறிக்கும் ‘மோட்’ நம் பண்ணுக்கு நெருங்கிய உறவு.

அளவை மாற்றினால் ஒலி எப்படி மாறும்? சுற்றின் ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்கு ஒலி ஒரு மின்தேக்கி வழியாகப் போகிறது என்று கொள்வோம். அது 0.1 மைக்ரோஃபாரட், அடுத்த நிலையின் மின்தடை 10 கிலோஓம் என்றால், சுமார் 159 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலி படிப்படியாக மெலிந்துவிடும். அடித்தொனியின் கனம் அங்கேயே போய்விடுகிறது. அதே இடத்தில் 1 மைக்ரோஃபாரட் வைத்தால் அந்த எல்லை 16 ஹெர்ட்ஸுக்கு இறங்குகிறது. ஓர் உறுப்பை மாற்றியதும் கருவிக்கு மார்பு விரிந்ததுபோல் இருக்கும்.

ஒலியின் மின்னலையைப் பெருக்கித் தரும் சில்லான செயல்பாட்டுப் பெருக்கியும் (ஆப்-ஆம்ப்) அப்படித்தான். 1968இல் வந்த 741 என்ற சில்லு தரும் மின்னழுத்தம் மைக்ரோ விநாடிக்கு 0.5 வோல்ட் வேகத்தில்தான் ஏறி இறங்கும். 10 வோல்ட் உச்சமுள்ள அலையை 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் அது உருவம் சிதையாமல் தர முடியாது. பின்னால் வந்த டிஎல்071 சில்லின் வேகம் மைக்ரோ விநாடிக்குச் சுமார் 13 வோல்ட். ஆகவே பலர் ஒன்றை எடுத்துவிட்டு மற்றொன்றை வைக்கிறார்கள், ஒலி பளிச்சென்று தெளிகிறது. ஆனால் அந்தச் சோம்பலான சில்லு மழுங்கடித்த முனைகள்தாம் சில கருவிகளின் இதத்துக்கே காரணம். போன பிறகுதான் அதன் அருமை தெரியும். எடுத்த உறுப்புகளை ஒரு பையில் போட்டு, எந்த இடத்திலிருந்து எடுத்தது என்று எழுதி, கருவியோடேயே வைப்பது நல்ல வழக்கம்.

ஆகவே மாட் என்பதற்குச் ‘சுற்று மேம்பாடு’ என்ற மொழிபெயர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை. மேம்பட்டதா என்பதைக் காது சொல்ல வேண்டும். சொல் முந்திக்கொள்ளக் கூடாது. ‘திருத்தம்’ என்றால் முன்பு பிழை இருந்தது என்றாகிவிடும். பிழை உண்மையிலேயே இருந்த இடமும் உண்டு. ஏஆர்பி 2600 என்ற சிந்தசைசரின் பிற்காலப் பிரதிகளில் வந்த 4072 என்ற வடிகட்டி, வடிவமைப்புப் பிழையால் சுமார் 12 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் திறக்காது. சில மின்தடைகளின் அளவை மாற்றினால் திறக்கும். அதைத் திருத்தம் என்று தாராளமாகச் சொல்லலாம். ரோலண்ட் டிபி-303 என்ற சிந்தசைசரில் நடந்தது அப்படியல்ல. ஜாருபோல ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்ல அது எடுத்துக்கொள்ளும் நேரம் சுமார் 60 மில்லி விநாடி என்று நிலையாக இருந்தது. ஆஸ்திரேலியாவின் ராபின் விட்டில் 1990களில் செய்யத் தொடங்கிய ‘டெவில் ஃபிஷ்’ மாட், அதற்கு ஒரு குமிழைக் கொடுத்து 360 மில்லி விநாடி வரை நீட்டியது. அங்கே திருத்துவதற்குப் பிழை எதுவும் இல்லை. கருவி போகாத வழி ஒன்று திறந்தது, அவ்வளவே.

வெறும் ‘மாற்றம்’ என்றால் மின்சுற்றுப் பலகையையே மாற்றியதாகவும் கொள்ள இடமுண்டு. எனவே ‘மாற்றமைப்பு’ என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. வினையாக வரும்போது ‘மாற்றியமைத்தல்’. மின்சுற்றைச் சுட்ட வேண்டுமானால் ‘சுற்று மாற்றமைப்பு’. ‘சர்க்யூட்’டின் லத்தீன் மூலத்துக்குச் சுற்றிச் செல்லுதல் என்பதே பொருள் என்பதால் ‘சுற்று’ அச்சாகப் பொருந்துகிறது. சிந்தசைசரை இசைத்தொகுப்பி என்று எழுதலாம். கிரேக்க மூலத்துக்கும் சேர்த்து வைத்தல் என்றுதான் பொருள்.

‘பண்ணல்’ என்ற பழஞ்சொல்லை இதற்குக் கொண்டுவரலாமே என்று நானும் ஆசைப்பட்டதுண்டு. சிலப்பதிகாரத்தின் கானல்வரி யாழுக்குச் சொல்லும் எண்வகைச் செயல்களில் முதலாவது அது. பாடப்போகும் பண்ணுக்கு ஏற்ப நரம்புகளை வீக்கி அமைப்பதே பண்ணல். ‘மோட்’டுக்குப் பண் என்றால் ‘மாட்’டுக்குப் பண்ணல் என்று கணக்கு அழகாக வருகிறது. ஆனால் பண்ணல் வாசிப்பவரின் வேலை. பண் மாறினால் மீண்டும் செய்தாக வேண்டும். சிந்தசைசரில் வாசிக்கும் முன் குமிழ்களைத் திருகி, கம்பிகளைச் செருகி ஒலியை அமைக்கிறோமே, ‘பேட்ச்’ என்கிறோமே, அதற்கு இச்சொல்லை வைத்துக்கொள்ளலாம். சூட்டுக்கோலை எடுத்து உறுப்புகளைப் பற்றவைப்பது யாழ் செய்பவரின் பக்கத்து வேலை. அதற்கு மாற்றமைப்பு போதும்.