கட்டை நட்ட பிறகுதான் தெரிய வந்தது

சென்ற வருடம் ஒரு திங்கள் காலை. வடமராட்சியிலிருந்து வந்த ஐயா ஒருவர் கடைப் பைக்குள் கையை விட்டு ஒரு மரக்கட்டையை எடுத்து என் மேசையில் வைத்தார். தலையில் சிவப்புப் பெயின்ற், அடியில் ஈர மண். "எங்கடை வளவுக்குள்ள நட்டிருக்கினம் லோயர். பிடுங்கிக்கொண்டு வந்திட்டன். பிழையோ?"

பிழைதான். அளவையாளர் நட்ட எல்லைக் கட்டையைப் பிடுங்கக் கூடாது. ஆனால் அவர் கேட்க வந்தது அதுவல்ல. தாய் தகப்பன் விட்டுப்போன முதுசக் காணி, 6 பரப்பு. பிள்ளைகள் நான்கு பேர். மூத்தவரான இவர் ஊரில். தங்கை ரொறன்ரோவில், தம்பிமார் லண்டனிலும் பாரிஸிலும். காணி இன்னும் பிரிக்கப்படவில்லை. பாரிஸ் தம்பி தன் பங்கை விற்க ஒரு தரகருக்கு அற்றோணித் தத்துவம் (தனக்குப் பதிலாகக் கையெழுத்திடும் அதிகாரம்) கொடுத்திருக்கிறார். அது அண்ணனுக்குத் தெரிய வந்ததே இந்தக் கட்டையால்தான்.

(அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

யாழ்ப்பாணத்தில் என்னைப் போலக் காணி உறுதி (பத்திரம்) எழுதும் நொத்தாரிசு வேலை செய்பவர்கள் எல்லோருக்கும் இந்தக் கதை பழக்கம். "நாங்கள் சண்டைக்குள்ளயும் விட்டிட்டுப் போகாமல் காத்த காணி" என்பார் ஊரில் இருப்பவர். "நாங்கள் அனுப்பின காசிலதான் அந்த மதில் எழும்பினது" என்பார் வெளியில் இருப்பவர். இரண்டும் உண்மை. அதனால்தான் இந்தச் சண்டை இலகுவில் தீராது.

முதலில், ஊரில் இருப்பவர்கள் விரும்பாத ஒன்றைச் சொல்கிறேன். "30 வருசம் நான்தான் பார்த்தன், இனி இது என்ரை" என்பது பெரும்பாலும் சட்டத்தில் நிற்காது. 10 வருட ஆட்சியால் உரிமை வரும் என்று 1871 ஆம் ஆண்டுக் காலாவதிச் சட்டம் சொல்வது சரி. ஆனால் பங்காளி, அதாவது காணியில் பங்குள்ள ஒருவர், காணியில் இருந்தால், அவர் மற்றப் பங்காளிகளுக்காகவும் இருக்கிறார் என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். அப்போது எங்களுக்குக் கடைசி மேன்முறையீட்டு இடமாக இருந்த லண்டன் பிரிவிக் கவுன்சில் 1911 இலேயே சொல்லிவிட்ட விடயம் இது. மற்றவர்களை வெளிப்படையாக மறுத்து வெளியே தள்ளியதாகக் காட்டினால் ஒழிய, காணி உங்களுடையது ஆகிவிடாது.

இது தெரியாமல்தான் வெளிநாட்டில் இருப்பவர்களும் அவசரப்படுகிறார்கள். "அண்ணை தன்ரை பேரில எழுதிப்போடுவார்" என்று யாரோ காதில் போட்டுவிட, தரகரைப் பிடிக்கிறார்கள்.

சரி, விற்பவருக்கு என்ன கடமை? யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை 1707 இல் ஒல்லாந்தர் காலத்தில் எழுத்தில் தொகுக்கப்பட்டது. காணி விற்கிறவர் வாரிசுகளுக்கும், பங்காளிகளுக்கும், அந்தக் காணியை ஒற்றிக்கு வைத்திருக்கும் அயலவருக்கும் முதலில் சொல்ல வேண்டும் என்பது அதில் இருக்கிறது. தேவாலயத்தில் தொடர்ந்து மூன்று ஞாயிற்றுக்கிழமை அறிவித்த பிறகே விற்கலாம் என்ற ஏற்பாடும் அந்தக் காலத்தில் இருந்தது. இப்படி மற்றவர்களுக்கு முந்தி வாங்கக் கிடைப்பதைத்தான் முன்வாங்கும் உரிமை என்பது. 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கச் சட்டம் அந்த உரிமையைச் சுருக்கியது. இப்போது முன்வாங்கும் உரிமை பங்காளிகளுக்கும், விற்பவர் மரணசாசனம் எழுதாமல் இறந்தால் யார் வாரிசாவார்களோ அவர்களுக்கும் மட்டுந்தான். பக்கத்து வளவுக்காரர் "எனக்குத்தான் முதலில் தரவேணும்" என்று வருவது இன்றைக்கும் உண்டு. அயலவர் என்பதற்காக மட்டும் அவருக்கு அந்த உரிமை இல்லை.

இந்த உரிமை காணியோடு போவது. சொந்தக்காரர் பிரான்சில் இருந்தாலும் காணி வட மாகாணத்தில் இருந்தால் அறிவித்தல் கொடுத்தே ஆகவேண்டும். கொடுக்காமல் உறுதி முடித்தால் பங்காளி மாவட்ட நீதிமன்றம் போகலாம். ஆனால் காலவரம்பு உண்டு. "பிறகு பார்ப்பம்" என்று இருந்து உரிமையை விட்டவர்களையும் கண்டிருக்கிறேன். இன்னொன்று, முன்வாங்கும் உரிமை என்றால் மலிவாக வாங்கும் உரிமை அல்ல. கேட்ட விலை அல்லது சந்தை விலை கொடுத்தாக வேண்டும். அயலூர்க்காரர் ஒரு விலை சொல்லியிருக்க, "நான் சகோதரம்தானே" என்று பாதி விலை கேட்டால் சட்டம் உங்கள் பக்கம் வராது.

அப்புறம் அந்தச் சிவப்புக் கட்டை. பிரிக்காத காணியில் பாரிஸ் தம்பிக்கு இருப்பது நாலில் ஒரு பங்கு, அவ்வளவுதான். கிணற்றடியா, றோட்டுப் பக்கமா என்பது எந்த உறுதியிலும் இல்லை. தரகர் றோட்டுப் பக்கமாக ஒன்றரைப் பரப்பை அளந்து கட்டை நட்டது வாங்குபவருக்குக் காட்டத்தான். மற்றப் பங்காளிகள் கையெழுத்திட்ட பிரிவிடல் உறுதி இல்லாமல் அந்த எல்லைக்கு மதிப்பில்லை. வாங்குபவர்களும் இதைக் கவனியுங்கள். நீங்கள் காசு கொடுத்து வாங்குவது, பெரும்பாலும், ஒரு குடும்பச் சண்டையில் நாலில் ஒரு பங்கு.

அற்றோணித் தத்துவம் பற்றியும் சொல்ல வேண்டும். எல்லாக் காணியையும் யாருக்கும் விற்கலாம் என்று வெற்றுக் காசோலை மாதிரி எழுதிக் கொடுக்காதீர்கள். எந்தக் காணி, என்ன விலைக்குக் குறையாமல் என்று எழுதுங்கள். கொடுத்தவர் இறந்தால் அதுவும் அதோடு முடிந்தது. ஒரு ஆச்சி கனடாவில் இறந்து இரண்டு மாதத்துக்குப் பின், அவர் கொடுத்த தத்துவத்தில் எழுதப்பட்ட உறுதி ஒன்று என்னிடம் வந்தது. வாங்கியவர் அதற்குள் அத்திவாரமும் போட்டிருந்தார்.

விற்பவர் மணமான பெண் என்றால் 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைச் சட்டப்படி கணவரின் எழுத்து மூலச் சம்மதமும் வேண்டும். தன் சீதனக் காணியை விற்க, பிரிந்து போன கணவரைத் தேடி அலைந்த அக்காமாரைத் தெரியும். நீதிமன்றத்தில் அனுமதி பெறலாம் என்பது ஒரு ஆறுதல். இந்தச் சட்டம் இன்னும் ஏன் இருக்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்கும் கோபம்தான்.

காணி வெளியாளுக்குப் போகக் கூடாது என்பார்கள். அந்த 'வெளியாள்' என்ற சொல்லையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். கந்தோரில் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டால், சிலருக்கு வெளியாள் என்றால் தெற்கிலிருந்து வருபவர். பலருக்கு அடுத்த தெருவில் இருக்கும் வேறு சாதிக்காரர். வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர்கள் போர் முடிந்து பல வருடம் ஆகியும் முகாம்களில் இருந்தார்கள். அவர்களில் சொந்தக் காணி இல்லாதவர்கள் காசு வைத்துக்கொண்டும் பல ஊர்களில் காணி வாங்க முடியாமல் போனதற்கு விலை மட்டும் காரணமல்ல. "இன்னாருக்கு விக்க விடாமல் ஒரு நோட்டீஸ் அடிச்சுத் தாங்கோ" என்று இன்றும் வருகிறார்கள். நான் எழுதுவதில்லை. முன்வாங்கும் உரிமை காணியை வாங்க விரும்பும் பங்காளிக்கு. ஊரைக் காவல் காக்க அது வரவில்லை.

ஐயாவின் கதைக்கு வருகிறேன். நல்ல வேளையாக உறுதி முடியவில்லை, முற்பணம் மட்டுமே கைமாறியிருந்தது. பாரிஸ் தம்பியோடு வட்ஸ்அப்பில் கதைத்தேன். "அண்ணையோட கதைச்சு ஆறு வருசம். கதைச்சால் விக்க விடமாட்டார், வாங்கவும் மாட்டார்" என்றார். மகளின் வைத்தியச் செலவு அவர் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. அது அண்ணனுக்குத் தெரியாது. நான் சொன்னதும் ஐயா கொஞ்ச நேரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

முறைப்படி அறிவித்தல் போனது. அண்ணனிடம் காசில்லை. லண்டன் தம்பி வாங்க ஆயத்தம், ஆனால் இலங்கைக் குடியுரிமையை விட்டவர். வெளிநாட்டவர் காணி வாங்குவதை 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது. தாய் தகப்பனிடமிருந்து முதுசமாக வரலாம், சகோதரனிடம் விலைக்கு வாங்க முடியாது. "அண்ணையின்ரை பேரில வாங்கிவிடட்டோ?" என்று கேட்டார். இன்றைக்கு அன்பாக இருக்கும், அண்ணனின் பிள்ளைகள் காலத்தில் வழக்காகும் என்றேன். கடைசியில் இரட்டைக் குடியுரிமை எடுத்து வைத்திருந்த ரொறன்ரோத் தங்கை, வெளியார் சொன்ன அதே விலைக்கு வாங்கினார். முற்பணம் கொடுத்தவருக்குக் காசு திரும்பியது. அவர் பக்கத்து ஊர் வாத்தியார், வாடகை வீட்டில் இருப்பவர். என்னைக் கண்டால் இப்போதும் முகம் கொடுப்பதில்லை.

உறுதி முடிந்த கையோடு, எல்லோரும் உயிரோடும் பேச்சோடும் இருக்கும்போதே காணியைப் பிரித்துவிடுங்கள் என்றேன். பிரிவிடல் வழக்கு என்று போனால் பேரப்பிள்ளைகள் காலத்திலும் முடியாது. கிணற்றுப் பங்குக்கும் வழி வாய்க்காலுக்கும் மட்டும் மூன்று வாரம் இழுபட்டது. அளவையாளர் வருகிற நாளுக்கு முதல் நாள் ஐயா கந்தோருக்கு வந்தார்.

"அந்தக் கட்டை கிடக்கே லோயர்? சும்மா ஏன் புதுசு வாங்குவான்."

அலுமாரிக்குப் பின்னால் இருந்ததை எடுத்துக் கொடுத்தேன். மண் காய்ந்து உதிர்ந்திருந்தது.