1020 கிலோவைத் தோற்கடித்த 95

கிருஷ்ணகிரியில் மாங்காய் சீசன் தொடங்கிவிட்டால் மாமாவின் மண்டியில் கணக்கு எழுத ஆள் போதாது. கூழ் ஃபேக்டரிக்குப் போகிற பெங்களூரா ரகம்தான் அதிகம். அதற்காகப் பைத்தான் என்ற நிரல்மொழியில் சின்னதாக ஒரு ஸ்கிரிப்ட் (குட்டி நிரல்) எழுதிக் கொடுத்தேன். பைத்தான் 3-இல் மதிப்புகளைக் குறிக்கும் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம்:

மொத்தம் = 520
கிரேட் = 20
நிகரம் = மொத்தம் - கிரேட் * 2

மொத்தம் என்பது பெட்டியோடு சேர்த்த எடை, கிரேட் என்பது பெட்டிகளின் எண்ணிக்கை, நிகரம் என்பது மாங்காய் எடை மட்டும்; * என்றால் பெருக்கல். காலி கிரேட் ஒன்று 2 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பெருக்கலுக்குத்தான் முதல் மரியாதை. ஆகவே விடை 480. வந்த வரிசையிலேயே போட்டிருந்தால் 1000 ஆகியிருக்கும். சரி, கிலோ 18 ரூபாய் என்றால்? நிகரம் * 18 என்று போட்டால் 8640. அதையே ஒரே வரியில் மொத்தம் - கிரேட் * 2 * 18 என்று எழுதினால் -200 வரும்! சரக்கு கொடுத்த விவசாயியே நமக்கு 200 ரூபாய் தர வேண்டியதாகிவிடும். கழித்தலை அடைப்புக்குறிக்குள் போடுங்கள்.

இந்த = குறியை 1557-இல் சமம் என்ற பொருளில் அச்சேற்றியவர் ராபர்ட் ரெக்கார்ட். பைத்தானில் அதற்கு வேறு வேலை: வலப்பக்கத்தைக் கணக்கிட்டு, விடைமேல் இடப்பக்கப் பெயரை ஒட்டுவது. அதனால் நிகரம் = நிகரம் - 5 என்பது இங்கே தப்பில்லை. எக்செல் பழகியவர்கள் இன்னொன்றில் ஏமாறுவார்கள். பிறகு மொத்தம் = 600 என்று மாற்றினாலும் நிகரம் தானாக மாறாது. கணக்கு ஏற்கெனவே முடிந்துபோனது.

சமமா என்று கேட்க == வேண்டும். <, >=, != (சமமில்லையா) எல்லாமே கேள்விகள்தான்; பதில் ட்ரூ அல்லது ஃபால்ஸ். 100 <= நிகரம் < 500 என்று கணக்கு நோட்டில் எழுதுவதுபோலவே சேர்த்தும் கேட்கலாம், எனக்கு மிகவும் பிடித்த வசதி.

அப்புறம் நான் சொதப்பிய இடம். யார் அதிகம் கொண்டுவந்தார் என்று கோப்பிலிருந்து எடைகளைப் படித்து ஒப்பிட்டேன். 1020 கிலோவை முந்திக்கொண்டு 95 கிலோ முதலிடத்தில் நின்றது. கோப்பிலிருந்து வருவது எண் அல்ல, எழுத்து. எழுத்துகளை அகராதி முறையில்தான் ஒப்பிடும். அகராதியில் 'ஆ', தன்னைவிட நீளமான 'அகப்பை'க்குப் பின்னால்தானே வருகிறது? அதேபோல முதல் எழுத்து 9, 1-ஐவிடப் பெரிது. அதோடு தீர்ப்பு முடிந்தது. ஒருபக்கம் எண்ணாக இருந்திருந்தால் > போட்ட இடத்திலேயே பைத்தான் பிழை காட்டியிருக்கும். இரண்டுமே எழுத்து என்பதால் சத்தமே இல்லை.

இன்ட் போட்டு முழு எண்ணாக மாற்றினேன். மறுநாளே 95.5 கிலோ வந்தது. அந்தப் புள்ளியைப் பார்த்ததும் இன்ட் பிழை காட்டி நின்றுவிட்டது. இப்போது புள்ளி வைத்த எண்ணையும் ஏற்கிற ஃப்ளோட் ஓடுகிறது.