மேனிஃபோல்டு: பன்மடியா, பிரிகுழலா?

பழைய டீசல் காருக்கு இன்டேக் மேனிஃபோல்டை (இன்ஜினுக்குள் காற்றைக் கொண்டுபோகும் கிளைக்குழாயை) மாற்றிப் போட்டால் காற்று நன்றாகப் போகுமா என்று கேட்பவர்கள் நிறைய. அதே ஆட்களிடம் மேனிஃபோல்டு என்றால் என்ன பொருள் என்று கேட்டால் ‘அதுதாங்க, இன்ஜின் பக்கவாட்டில் விரல் மாதிரி நாலு குழாய் இருக்குமே’ என்பார்கள். அந்தப் பதில் சரியானதுதான். சொல்லப்போனால் அகராதிகளில் கிடைக்கும் தமிழ்ச்சொற்களைவிட அதுதான் பொருளுக்குப் பக்கத்தில் நிற்கிறது.

சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். பழைய ஆங்கிலத்தில் ‘பல’ என்ற சொல்லும் ‘மடிப்பு’ என்ற சொல்லும் ஒட்டிப் பிறந்தது மேனிஃபோல்டு. பல மடிப்பு, பலவகை, பலவாக விரிந்தது என்று பொருள். இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. நாம் ‘மும்மடங்கு’, ‘நூறு மடங்கு’ என்கிறோமே, அந்த மடங்கும் மடிப்புதான். மடங்குதல் என்றால் மடிதல். ஒரு துணியை மடித்தால் இரண்டு அடுக்கு, இன்னொரு முறை மடித்தால் நாலு. பெருக்கத்தைச் சொல்ல ஆங்கிலமும் மடிப்பைத்தான் எடுத்தது, தமிழும் மடிப்பைத்தான் எடுத்தது. ஒன்றுக்கொன்று உறவே இல்லாத இரண்டு மொழிகள் இப்படி ஒரே வழியில் யோசித்திருக்கின்றன. ஆக, எழுத்துக்கு எழுத்து பார்த்தால் மேனிஃபோல்டு = பன்மடங்கு, அல்லது பன்மடி.

ஆங்கிலத்தில் அது முதலில் அடைமொழி. 19ஆம் நூற்றாண்டில் பல வாய்கள் உள்ள குழாயை ‘மேனிஃபோல்டு பைப்’ என்றார்கள், போகப்போகப் பைப் உதிர்ந்து அடைமொழி மட்டும் பெயராக நின்றுவிட்டது. கணிதத்தில் இருக்கும் மேனிஃபோல்டு வேறு கதை: 1854இல் கணித அறிஞர் ரீமான் தன் உரையில் ஜெர்மன் மொழியில் சொன்ன ‘பலவகைத்தன்மை’ என்ற கருத்து ஆங்கிலத்துக்கு வந்தபோது அதே சொல்லில் உட்கார்ந்தது. கணிதத்துக்குப் பன்மடி என்று வைத்துக்கொள்ளட்டும், எனக்கு மறுப்பில்லை.

இன்ஜினுக்கு அது பொருந்தவில்லை என்பதுதான் என் கட்சி. ‘உள்ளிழு பன்மடி’ என்று எழுதினால், மெக்கானிக் வேலை தெரிந்த தமிழருக்கே அது எந்தப் பாகம் என்று புரியாது. அங்கே எதுவும் மடியவில்லை, எதுவும் பெருகவில்லை. ஆங்கிலத்தில் உதிர்ந்துபோன ‘குழாய்’தான் உண்மையான பொருளைச் சுமந்தது, நாமோ மிச்சம் இருந்த அடைமொழியை மட்டும் மொழிபெயர்த்துவிட்டோம்.

சரி, அந்தப் பாகம் என்னதான் செய்கிறது? ஏர் ஃபில்டர் வழியாக (காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ இருந்தால் அதையும் கடந்து) ஒரே வழியில் வரும் காற்றை வாங்கி, ஒவ்வொரு சிலிண்டரின் வாய்க்கும் பிரித்துக் கொடுக்கிறது. 2 லிட்டர், 4 சிலிண்டர் டீசல் இன்ஜின் நிமிடத்துக்கு 4000 சுற்று ஓடும்போது, ஏட்டுக் கணக்குப்படி, நிமிடத்துக்கு 4000 லிட்டர் காற்று இழுக்கும் (இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் ஒவ்வொரு சிலிண்டரும் இழுக்கும்). ஒரு சிலிண்டர் தன் பங்கான அரை லிட்டரை இழுக்கக் கிடைப்பது அரைச்சுற்று, அதாவது 7.5 மில்லி விநாடி. அதற்குள் நாலு வாய்க்கும் ஒரே அளவாகப் பங்கு போக வேண்டும். பங்கு குறைந்த சிலிண்டரில் மற்றவற்றுக்கு ஊற்றிய அதே அளவு டீசல் ஊற்றப்படுவதால், அங்கே மட்டும் எரியாமல் மிஞ்சிக் கரும்புகையாக வரும். ஆகவே இந்தப் பாகத்தின் உயிர் பிரித்துக் கொடுப்பதில் இருக்கிறது.

இதனால்தான் நான் ‘பிரிகுழல்’ என்கிறேன். சுடுநீர், குடிநீர் மாதிரி வினைத்தொகை, மூன்று காலத்துக்கும் பொருந்தும். இதில் கூடுதல் லாபமும் இருக்கிறது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு செய்வது இதற்கு நேர் எதிரான வேலை. நாலு வாயிலிருந்து வரும் புகையை அது ஒன்றாகச் சேர்க்கிறது. ஆங்கிலம் இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்து முன்னால் ஓர் அடைமொழி போட்டுச் சமாளிக்கிறது. தமிழில் ஒன்று பிரிகுழல், மற்றொன்று சேர்குழல். எது எது என்று கேட்கவே வேண்டாம். கிளைக்கால் என்றுகூட ஒரு காலம் யோசித்தேன். சங்கத் தமிழில் ‘கால்’ என்றால் காற்று, வாய்க்காலில் உள்ள கால் ஓடும் வழி, இரண்டும் ஒரே சொல்லில் கிடைக்கிறதே என்ற ஆசை. ஆனால் இன்று படிப்பவருக்கு நடக்கிற கால்தான் கண்ணில் வரும், அதனால் விட்டுவிட்டேன். எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் இயந்திரங்களில் இருக்கும் ஹைட்ராலிக் மேனிஃபோல்டு குழாயே இல்லை, துளை போட்ட உலோகக் கட்டை, அதற்குப் பிரிகட்டை என்று தனியாக வைத்துக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் ஒரு சொல் என்பதற்காகத் தமிழிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று யார் சொன்னது?

பிரிகுழல் என்று மனதில் வைத்துக்கொண்டு பழைய டீசலைத் திறந்து பாருங்கள், எங்கே கோளாறு என்று உடனே தெரியும். இஜிஆர் வால்வு உள்ள இன்ஜினில் எரிந்த புகையின் ஒரு பகுதி திரும்பக் காற்றோடு கலக்கிறது. கிராங்க் கேஸிலிருந்து (இன்ஜினின் அடிக்கூட்டிலிருந்து) வரும் எண்ணெய் ஆவியும் அதே வழியில் வருகிறது. புகைக்கரியும் எண்ணெயும் சேர்ந்தால் தார் மாதிரி ஒரு பசை. நான் கழற்றிய ஒன்றில், கட்டைவிரல் தாராளமாக நுழைய வேண்டிய வாயில் பென்சில்தான் நுழைந்தது, சுரண்டினால் பாளம் பாளமாக வந்தது, அடியில் இருந்தது கல் மாதிரி இறுகி உளி கேட்டது. நாலு வாயும் ஒரே அளவு அடைபடவில்லை, புகை கலக்கும் இடத்துக்குப் பக்கத்து வாய்தான் மோசம். இப்படி இருக்கும்போது புதுப் பிரிகுழல் வாங்குவதற்கு முன், இருப்பதைச் சுத்தம் செய்து மாட்டினாலே பாதிக் குறை தீர்ந்துவிடும்.

அப்புறம் மாற்றுவது. டீசலில் காற்று மட்டும் கூடினால் சக்தி கூடாது, சக்தியைத் தீர்மானிப்பது ஊற்றும் எரிபொருள். காற்று தாராளமானால் புகை குறையும், வெளியேறும் வாயுவின் சூடு குறையும், அதற்குமேல் வேண்டுமென்றால் எரிபொருள் பம்பிலும் கை வைக்க வேண்டும். வாய் பெரியதாக இருந்தால் போதும் என்பதும் தவறு. நேரடியாகச் சிலிண்டருக்குள் எரிபொருள் தெளிக்கும் இன்ஜினில் காற்று சுழன்றபடி உள்ளே போக வேண்டும். சில பிரிகுழல்களில் அந்தச் சுழலுக்கென்றே மடல்கள் உண்டு. சிலிண்டரை ஒட்டிய சிறு முன்அறையில் எரியத் தொடங்கும் பழைய வகைகளில் சுழலை அந்த அறையே உண்டாக்கிவிடுவதால் அங்கே இந்தக் கவலை குறைவு.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். 1950, 60களின் மெர்சிடிஸ் டீசல் கார்கள் பலவற்றில் எரிபொருள் பம்பின் கவர்னர் (ஊற்றும் அளவை அடக்கி வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி), பிரிகுழலின் கழுத்தில் உண்டாகும் வெற்றிடத்தை வைத்துத்தான் வேலை செய்கிறது. ‘இந்தக் குறுகல் காற்றைத் தடுக்கிறது’ என்று அதை எடுத்துவிட்டு நேர்க்குழாய் போட்டால் கவர்னருக்குக் கட்டளையே வராது, பம்ப் முழு எரிபொருளையும் ஊற்றும், இன்ஜின் கட்டுக்கடங்காமல் வேகமெடுத்து உடையும்வரை போகலாம்.

பொருத்தும்போது கேஸ்கெட்டை (இடையில் வைக்கும் கசிவுத் தடுப்புத் தகட்டை) இன்ஜின் தலைப்பாகத்தின் (சிலிண்டர் ஹெட்) மேல் வைத்துத் துளையின் விளிம்பைக் கோடு போட்டுப் பாருங்கள். பிரிகுழலின் துளை தலைப்பாகத்தின் துளையைவிடப் பெரியதாக இருந்தால், வரும் காற்றுக்கு எதிரே ஒரு படிக்கட்டு நிற்கும். அதை ராவி எடுத்தாக வேண்டும். கேஸ்கெட் கசிவையும் லேசாக விட்டுவிடாதீர்கள். டர்போ இருந்தால் காற்று வெளியே சீறும், உங்களுக்குக் கேட்டுவிடும். டர்போ இல்லாத இன்ஜினில் சத்தமே இல்லாமல் தூசி உள்ளே போகும், ஃபில்டரைத் தொடாத தூசி, பிஸ்டன் ரிங்குகளைத் தின்றுவிடும். இஜிஆர் இணைப்பை அடைப்பது பல நாடுகளில் சட்டப்படி குற்றம், அதனால் புதுக் குழலிலும் அதற்கான வாய் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

பல பழைய இன்ஜின்களில் இரண்டு மேனிஃபோல்டும் ஒரே பக்கத்தில், ஒரே கேஸ்கெட்டில், சில இடங்களில் ஒரே நட்டைப் பங்கு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அங்கே வேலை செய்யும்போது பக்கத்தில் நிற்பவரிடம் ‘பிரிகுழலைத் தாங்கிப் பிடி, சேர்குழலை அப்புறம் கழற்றலாம்’ என்று சொல்லிப் பாருங்கள்.