கோப்பின் மூலையில் ஒரு பென்சில் குறி

உதவித்தொகை விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் ஒரு பிரிவு. அங்கே எல்லாம் தாளில் நடந்துகொண்டிருந்தது. கணினிக்குக் கொண்டுபோகும் வேலை என்னிடம் வந்தது. மூன்று வாரம் அங்கேயே உட்கார்ந்து, விண்ணப்பம் உள்ளே வருவதிலிருந்து ஆணை வெளியே போவதுவரை ஒரு படி விடாமல் வரைந்தேன். சுவரில் ஒட்டிய படத்தைப் பார்த்து எல்லாரும் தலையாட்டினார்கள், கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்கள். புது முறை ஓடத் தொடங்கிய இரண்டாம் மாதம், கெடு தவறியதால் தள்ளுபடியாகும் விண்ணப்பங்கள் விறுவிறுவென்று கூடின.

மென்பொருளில் பிழையில்லை. கடிதங்கள் சரியான முகவரிக்குத்தான் போயிருந்தன. இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகு, அந்தப் பிரிவிலேயே தலை நரைத்த எழுத்தர் ஒருவர் மெதுவாகச் சொன்னார்: "மேடம், அந்தப் பென்சில் குறி போயிடுச்சே, அதனாலதான்."

"எந்தப் பென்சில் குறி?"

அலமாரியிலிருந்து பழைய கோப்பு ஒன்றை உருவி எடுத்தார். மேலட்டையின் வலது மூலையில், உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற மாதிரி ஒரு சின்னப் பெருக்கல் குறி. இந்த விண்ணப்பதாரருக்குப் படிக்க வராது, அல்லது வந்த கடிதத்தைப் பிரித்துச் சொல்ல வீட்டில் ஆளில்லை. கூடுதல் ஆவணம் கேட்டுக் கடிதம் போட்டால் மட்டும் போதாது, போன் பண்ணியும் சொல்லணும் என்று அதற்கு அர்த்தம். விதிப் புத்தகத்தில் அது இல்லை. சுற்றறிக்கையும் கிடையாது. யார் தொடங்கிவைத்தது என்று யாருக்கும் ஞாபகமில்லை. கோப்பு காகிதமாக இருந்தவரை அட்டைக்கு ஒரு மூலை இருந்தது. நான் மூலையே இல்லாத ஒரு திரையைக் கொடுத்துவிட்டேன்.

"இத்தனை கூட்டம் போட்டேனே, ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டேன்.

"நீங்க விதியைத்தானே கேட்டீங்க?"

பிசினஸ் சேஞ்ச் அனலிஸ்ட் என்றால் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு நான் இந்தக் கதையைத்தான் சொல்கிறேன். வேலை ஒப்பந்தத்தில் வேறு மாதிரி இருக்கும்: இப்போதுள்ள நடைமுறையை ஆராய்வது, வரப்போகும் முறையை வடிவமைப்பது, இரண்டுக்கும் நடுவில் ஊழியர்களைத் தயார்படுத்துவது. மூன்றும் உண்மைதான். ஆனால் பொது நிறுவனத்தில் முதல் வேலையே முக்கால்வாசி நாளைத் தின்றுவிடும், தின்னவும் வேண்டும். தனியார் கம்பெனிக்குக் கொஞ்சம் சௌகரியம் உண்டு. கட்டுப்படியாகாத வாடிக்கையாளரை அது கைவிடலாம். பொது நிறுவனத்தால் அது முடியாது. சட்டம் யாருக்கெல்லாம் உரிமை கொடுத்திருக்கிறதோ அவர்கள் அத்தனை பேருக்கும் கவுன்டர் திறந்திருக்க வேண்டும். முகவரி இல்லாதவர், இரண்டு பெயர் உள்ளவர், பிறந்த தேதி தெரியாதவர் உட்பட. திட்ட அறிக்கையில் இவர்கள் எல்லாரும் 'விதிவிலக்குகள்' என்று கடைசிப் பக்கத்துக்குப் போய்விடுவார்கள். கவுன்டரில் இருப்பவருக்கோ அவர்கள்தான் அன்றைய வேலை.

1992 அக்டோபர் 26 அன்று லண்டன் ஆம்புலன்ஸ் சேவை, வண்டிகளை அனுப்பும் வேலையை நகரம் முழுக்கக் கணினியிடம் ஒப்படைத்தது. ஒவ்வொரு வண்டியும் எங்கே நிற்கிறது, என்ன நிலையில் இருக்கிறது என்பது துல்லியமாகத் தெரியும் என்று நம்பி எழுதப்பட்ட மென்பொருள் அது. ஆனால் பணியாளர்கள் அவசரத்தில் பொத்தான்களை வரிசை மாற்றி அழுத்தினார்கள், சில சமயம் அழுத்த மறந்தார்கள், ஒதுக்கிய வண்டியை விட்டு வேறொன்றை எடுத்துப் போனார்கள். சில மணி நேரத்தில் கணினியின் கணக்கும் தெருவின் நிலவரமும் வேறு வேறாகிவிட்டன. ஓரிடத்துக்கு இரண்டு வண்டி போனது, இன்னோரிடத்துக்குப் போகவே இல்லை. கட்டுப்பாட்டு அறையில் இருக்கைகளை வேறு மாற்றிப் போட்டிருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பேசிச் சரிசெய்துகொண்டிருந்தவர்கள் பிரிந்துபோயிருந்தார்கள். அந்தத் தோல்வியைப் பற்றிய விசாரணை அறிக்கையில் எனக்கு மறக்கவே முடியாத இடம் இந்த நாற்காலி விஷயம்தான். நாற்காலியைத் தன் படத்தில் வரைந்த அனலிஸ்டை நான் இதுவரை பார்த்ததில்லை.

பென்சில் குறிக்குப் பிறகு நான் கேள்வியை மாற்றிக்கொண்டேன். "வழக்கமா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டால் விதி வரும். "நேத்து கடைசியா முடிச்ச கோப்பை எடுங்க, அதுல என்ன பண்ணீங்க?" என்று கேட்டால் நடந்தது வரும். "நீங்க ஒரு வாரம் லீவு போட்டா எது நிக்கும்?" என்பது இன்னும் நல்ல கேள்வி, பதிலுக்கு முன்னால் ஒரு சின்னச் சிரிப்பு வரும், அங்கேதான் நோட்டுப் புத்தகத்தைத் திறக்க வேண்டும். மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருக்கும் துண்டுத்தாள்கள், மேசை டிராயருக்குள் இருக்கும் நீள நோட்டு, யாருக்கும் சொல்லாமல் ஒருவர் மட்டும் வைத்திருக்கும் எக்செல் கோப்பு எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அந்த எக்செல் இருக்கிறது என்றால், அதிகாரபூர்வ மென்பொருள் ஏதோ ஒன்றைச் செய்யவில்லை என்று பொருள்.

இன்னொன்று, மேலதிகாரி அறையில் இருக்கும்போது இதெல்லாம் வெளியே வராது. அவர் முன்னால் நடக்கும் கூட்டத்தில் எல்லாரும் விதிப்படிதான் வேலை பார்ப்பார்கள். அவருக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள், மற்றவர்களோடு அவரவர் மேசையில் பேசுங்கள். கூட்டத்தின் முடிவில் கிடைக்கும் கையெழுத்தையும் பெரிதாக நம்ப வேண்டாம். பல சமயம் அதன் அர்த்தம், 'படம் சரி' என்பதல்ல. 'கூட்டத்தை முடிங்க' என்பதுதான்.

பழைய முறையில் இருப்பதெல்லாம் பொக்கிஷம் என்று நான் சொல்ல வரவில்லை. ஓர் அலுவலகத்தில் ஒரே விவரத்தை மூன்று பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஏன் என்றால் "ஆடிட்ல கேப்பாங்க" என்றார்கள். பொது நிறுவனத்தில் இதற்கு மேல் கேள்வி கிடையாது. நான் தணிக்கைப் பிரிவுக்கே போய்க் கேட்டேன். மூன்றாவது பதிவேடு எந்த அறிக்கைக்காகத் தொடங்கப்பட்டதோ, அந்த அறிக்கையே எப்போதோ நின்றுபோயிருந்தது. வேறோர் இடத்தில், வரிசையை மீறிச் சில விண்ணப்பங்களை முன்னுக்குத் தள்ள ஒரு மறைமுகக் குறியீடு இருந்தது. அதைப் புதிய முறையில் ஒழித்ததற்காக எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை. பார்ப்பதற்கு இரண்டுமே பென்சில் குறிகள்தான். யாருக்காகப் போடப்பட்டது என்று விசாரித்துத்தான் பிரிக்க முடியும்.

ஆட்குறைப்பைப் பற்றியும் பேசியாக வேண்டும். மாற்றத் திட்டத்துக்குப் பணம் ஒதுக்கும்போது, இத்தனை பணியிடம் மிச்சமாகும் என்ற ஒரு வரி பெரும்பாலும் அதில் இருக்கும். கனடா அரசின் ஃபீனிக்ஸ் சம்பள முறை 2016இல் நடைமுறைக்கு வந்தது. 80,000க்கும் மேற்பட்ட சம்பள விதிகளை அது கையாள வேண்டியிருந்தது. துறைகளில் அந்த விதிகளோடு மல்லுக்கட்டிப் பழகிய 1,200 சம்பள ஆலோசகர்களுக்குப் பதிலாக, மிராமிஷி என்ற ஊரில் ஒரே மையத்தில் 460 ஆலோசகர்களையும் 90 உதவிப் பணியாளர்களையும் அமர்த்தத் திட்டமிட்டார்கள். மென்பொருளின் சில வசதிகளைக் கழித்தார்கள், முன்னோட்டச் சோதனையையும் ரத்துசெய்தார்கள். பல்லாயிரம் ஊழியர்களுக்குச் சம்பளம் குறைந்தது, கூடியது, சிலருக்கு வரவே இல்லை. 2018இல் அந்நாட்டுத் தலைமைத் தணிக்கையாளர் இதைப் புரிந்துகொள்ளவே முடியாத தோல்வி என்றார். விதி தெரிந்தவர்களை, அவர்கள் பார்த்த வேலையைக் கணினி கற்றுக்கொள்வதற்கு முன்பே வெளியே அனுப்பிவிட்டால் வேறென்ன நடக்கும்?

எங்களைப் போன்றவர்கள் தினமும் படும் சங்கடம் இதில்தான் இருக்கிறது. உங்கள் வேலையை எனக்குச் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்கிறோம். சொல்லிக்கொடுத்ததை வைத்து அவர் நாற்காலியையே தூக்கிவிடுவார்களோ என்று அவர் பயப்படுகிறார். பயத்தில் நியாயமும் இருக்கிறது. பணியிடம் போகுமா என்று யாராவது கேட்டால், தெரிந்ததைச் சொல்வேன். தெரியாவிட்டால் தெரியாது என்பேன், யாரிடம் கேட்க வேண்டும் என்பதையும் சொல்வேன். ஒருமுறை 'அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை' என்று மழுப்பினேன். அடுத்த ஆறு மாதம் அந்தப் பிரிவில் ஒருவரும் எனக்கு எதுவும் சொல்லவில்லை.

தவறு நடந்தால் யார் தலையில் விழும் என்பதையும் வடிவமைக்கும்போதே கேட்டுவிட வேண்டும். ஆஸ்திரேலியாவில் ரோபோடெட் என்று பெயர் வாங்கிய திட்டம், ஒருவரின் ஆண்டு வருமானத்தை இரு வாரத் தவணைகளாகச் சரிசமமாகப் பங்கிட்டு, உதவித்தொகை கூடுதலாகப் போயிருக்கிறது என்று கணக்குப் போட்டது. அரை வருடம் வேலை பார்த்து அரை வருடம் வேலையில்லாமல் இருந்தவர் அந்தக் கணக்கில் ஆண்டு முழுக்கச் சம்பாதித்தவராகிவிட்டார். கடன் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பும் அவர் தலையில்தான் விழுந்தது. சட்டப்படி செல்லாது என்று 2019இல் அரசு ஒப்புக்கொள்வதற்குள் பலருடைய வாழ்க்கை குலைந்திருந்தது. வகுத்தல் கணக்கில் பிழையில்லை. சம்பளம் சீராக வராத ஒருவரை யாரும் அந்தப் படத்தில் வரைந்து பார்க்கவில்லை.

புது முறை ஓடத் தொடங்கியதும் நான் முதலில் திறந்து பார்ப்பது மொத்த நிலவரத்தை எண்களாகக் காட்டும் டாஷ்போர்டை அல்ல, தேர்வுப் பட்டியல்களின் கடைசியில் இருக்கும் 'மற்றவை'யை. பத்தில் மூன்று பதிவு அங்கே போய் விழுகிறதென்றால் என் பட்டியல் தவறு. குறிப்புப் பெட்டியில் யாரும் புரிந்துகொள்ள முடியாத சுருக்கெழுத்துகள் வரத் தொடங்கினால், அங்கே ஒரு பென்சில் குறி மறுபடி முளைக்கிறது.

அந்தப் பெருக்கல் குறியை அப்படியே திரையில் ஏற்றவும் வழியில்லை. ஒருவருக்குப் படிக்கத் தெரியாது என்பதை அவரைக் கேட்காமல் அரசுப் பதிவில் எழுதிவைப்பது சரியல்ல என்று சட்டப் பிரிவு மறுத்தது. நியாயமான மறுப்பு. கடைசியில், விண்ணப்பம் வாங்கும்போதே எல்லாரிடமும் ஒரு கேள்வி கேட்பது என்று முடிவானது: உங்களுக்குத் தகவல் எப்படிச் சொல்ல வேண்டும், கடிதமா, போனா, இரண்டுமா, வேறு யாரிடமாவது சொல்ல வேண்டுமா? சோதனைக்கு அந்த எழுத்தரையே உட்காரவைத்தேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுத் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இடது பக்கம் இருக்கே மேடம். கண்ணு அங்க போகாது."

வலது மூலைக்கு மாற்றினோம்.