பேனலைத் திறக்கும் முன்: ஆர்க் பிளாஷும் மின்பாதுகாப்பு விதிகளும்

"415 வோல்ட்தானே" என்று சொல்லிக்கொண்டே, மின்சாரம் ஓடும் பேனலின் (சுவிட்ச்களும் பிரேக்கர்களும் அடங்கிய பெட்டி) கதவைத் திறந்து போல்ட் முறுக்குவது நம் தொழிற்சாலைகளில் அன்றாடம் நடப்பதுதான். 1,000 கேவிஏ திறனும் 5 சதவீத இம்பீடன்ஸும் (மின்னோட்டத்துக்கான உள்தடை) கொண்ட டிரான்ஸ்ஃபார்மரின், பேனலுக்கு மின்சாரம் தரும் 433 வோல்ட் பக்கத்தில் நேரடி ஷார்ட் ஏற்பட்டால் ஏறத்தாழ 25,000 ஆம்பியர் பாயும். கைதவறிய ஸ்பேனர் ஒன்று இரண்டு பஸ்பார்களுக்கு (மின்சாரம் பாயும் உலோகப் பட்டைகள்) நடுவே விழுந்தால் போதும். அங்கே காற்றின் ஊடே மின்சாரம் பாய்ந்து எழும் ஆர்க்கின் வெப்பம் 20,000 டிகிரி செல்சியஸ் வரை போகக்கூடும், செம்பு ஆவியாகி வெடித்து வெளியே பாயும். ஆர்க் தானே ஒரு தடையாக நின்று மின்னோட்டத்தைக் குறைத்துவிடுவதால் பிரேக்கர் தாமதமாக டிரிப் ஆகலாம். தாமதிக்கும் ஒவ்வொரு கணமும் எதிரே நிற்பவரின் உடலில் தீக்காயமாக இறங்கும். இதற்கு அவர் எதையும் தொட்டிருக்க வேண்டியதில்லை.

மத்திய மின்சார ஆணையத்தின் 2023ஆம் ஆண்டுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளின்படி, மின்கருவியைக் கையாளும் முன் எர்த் செய்தோ வேறு தகுந்த வழியிலோ அதிலுள்ள மின்சாரத்தை இறக்கிவிட வேண்டும். அதற்கென அதிகாரம் அளிக்கப்பட்டவரைத் தவிர வேறு எவரும் மின்சாரம் உள்ள பகுதியில் வேலை செய்யவோ, செய்பவருக்கு உதவவோ கூடாது. ஆகவே, ஷட்டவுன், அதாவது வேலைக்காக மின்சாரத்தை நிறுத்தச் சொல்லிக் கேட்கும் எலக்ட்ரீஷியன் சலுகை எதுவும் கேட்கவில்லை. சுவிட்ச்போர்டின் முன் ஒரு மீட்டர் இடம் காலியாக இருக்க வேண்டும் என்பதும் நெடுநாளைய விதிதான். அட்டைப்பெட்டி அடுக்கப்படாத பேனல் அறையை நான் பார்த்தது குறைவு.

ரப்பர் கையுறையும் தரைவிரிப்பும் ஷாக்கிலிருந்து காக்கும், ஆர்க்கின் வெப்பத்திலிருந்து காக்காது. சதுர சென்டிமீட்டருக்கு 1.2 கலோரி வெப்பம் பட்டாலே வெறும் தோலில் இரண்டாம் நிலைத் தீக்காயம் உண்டாகும். பாலியஸ்டர் சட்டையோ உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். ஷட்டவுன் உண்மையிலேயே இயலாத இடத்தில், ஆர்க் தாங்கும் திறன் கலோரியில் குறிக்கப்பட்ட உடையும் முகக்கவசமும் தேவை.

விபத்து நேர்ந்துவிட்டால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர், ஒப்பந்தத் தொழிலாளியானாலும், இஎஸ்ஐ காப்பீட்டில் இருந்தால், வேலையில் பட்ட காயத்தால் குறைந்தது மூன்று நாள் வேலைக்குப் போக முடியாதபோது ஊதியத்தில் 90 சதவீதம் கிடைக்கும். இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இதற்குக் கிடையாது. விபத்து அறிக்கை அனுப்பாமல் அதைச் சாதாரண நோய் விடுப்பாக எழுதிவிட்டால் 70 சதவீதம்தான், அதற்குச் சந்தா நிபந்தனையும் உண்டு. எனவே நிர்வாகம் இஎஸ்ஐ அலுவலகத்துக்கு அனுப்பிய விபத்து அறிக்கையின் நகலை முதல் வாரத்திலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.